பாஸ்வேர்டு சரி, ஆனாலும் வைஃபை சேரவில்லையா? கணினியில் ஒவ்வொரு படியாகப் பார்க்க வேண்டியவை

போனில் வைஃபை நன்றாக ஓடுகிறது. அதே பாஸ்வேர்டைக் கணினியில் போட்டால் ‘கேன்ட் கனெக்ட் டு திஸ் நெட்வொர்க்’ என்று நின்றுவிடுகிறது. வேலைக்கோ படிப்புக்கோ கொங்குப் பக்கம் புதிதாக வந்து, அறை பிடித்து, லேப்டாப்பைத் திறந்ததும் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. திருப்பூரில் சித்தப்பாவின் பனியன் கம்பெனி அலுவலகத்திலும், கோவையில் தம்பி தங்கியிருக்கும் கல்லூரி விடுதியிலும் இந்தத் தொல்லை வந்து, இரண்டையும் சரிசெய்ய நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. இரண்டு இடத்திலும் திரையில் வந்த வார்த்தை ஒன்றுதான், காரணம் மட்டும் வேறு வேறு. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். ரவுட்டரின் பின்னால் உள்ள சின்னத் துளைக்குள் ஊசியை விட்டு ரீசெட் செய்யாதீர்கள். யார் சொன்னாலும் வேண்டாம். காரணம் 9-வது படியில் இருக்கிறது.

விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்களுக்காக எழுதியது இது.

கையில் எடுத்து வைக்க வேண்டியவை

ரவுட்டரின் அடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதைத் தெளிவாக ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் பெயர், முதலில் வந்த பாஸ்வேர்டு, சீரியல் எண், ரவுட்டருக்குள் நுழையும் முகவரி எல்லாம் அதில் உண்டு. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய வாடிக்கையாளர் எண்ணும், பதிவு செய்த மொபைல் எண்ணும் வேண்டும். வாடகை வீடு என்றால் அந்த மொபைல் பெரும்பாலும் வீட்டுக்காரரிடம் இருக்கும், ஓடிபி அவருக்குத்தான் போகும். அதனால் புகார் கொடுக்கும் நேரத்தில் அவர் எடுக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். விடுதி, கல்லூரி, அலுவலகம் என்றால் அடையாள அட்டையும் உங்கள் யூசர் ஐடியும் போதும். லேப்டாப் வாரண்டியில் இருந்தால் பில்லையும் தேடி வையுங்கள். அப்புறம், மொபைல் டேட்டா உள்ள போன் ஒன்று, டேட்டா போகக்கூடிய யூஎஸ்பி கேபிள் ஒன்று. சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள் இதற்கு உதவாது.

1. எங்கே தடுக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

இதில் அரை மணி நேரம் செலவழித்தாலும் வீணில்லை. ‘ஆதென்டிகேஷன்’ என்று பொதுவாகச் சொன்னாலும், பாஸ்வேர்டு கேட்கும் இடங்கள் நான்கு இருக்கின்றன.

ஒன்று, கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவே கேட்கும் வைஃபை பாஸ்வேர்டு. வீடு, சின்ன அலுவலகம் எல்லாம் இதுதான். இரண்டு, ஆளுக்கொரு யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் கேட்கும் முறை. கல்லூரிகளிலும் பெரிய நிறுவனங்களிலும் இது இருக்கும். மூன்று, வைஃபை தானாகச் சேர்ந்துவிடும், பிறகு பிரவுசரில் ஒரு பக்கம் திறந்து மொபைல் எண்ணும் ஓடிபியும் கேட்கும். கோவை ஜங்ஷன் போன்ற ரயில் நிலையங்களிலும் சில தனியார் விடுதிகளிலும் பார்க்கலாம். நான்கு, ரவுட்டர் நெட் நிறுவனத்தின் சர்வரில் நுழைவதற்கான பிபிபிஓஇ ஐடி. இதற்கும் உங்கள் கணினிக்கும் சம்பந்தமே இல்லை.

பிரித்துப் பார்ப்பது எளிது. கணினி வைஃபையில் சேர்ந்து, முழு சிக்னலும் காட்டி, ‘நோ இன்டர்நெட்’ என்று மட்டும் சொன்னால் உங்கள் வைஃபை பாஸ்வேர்டு சரி. பிரவுசரைத் திறந்து லாகின் பக்கம் வருகிறதா பாருங்கள். வரவில்லை, போனிலும் அந்த வைஃபையில் நெட் ஓடவில்லை என்றால் ரவுட்டரின் விளக்குகளைக் கவனியுங்கள். எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னினால் ஃபைபர் கேபிளில் பிரச்சினை. ஃபைபர் சிக்னலைக் காட்டும் பான் விளக்கு பச்சையாக நிலைத்து நின்று, இன்டர்நெட் விளக்கு மட்டும் எரியாமலோ சிவப்பாகவோ இருந்தால் சந்தேகம் பிபிபிஓஇ மேல்தான் போக வேண்டும். இரண்டுக்கும் நேராக 10-வது படிக்குப் போங்கள்.

வைஃபையிலேயே சேரவில்லை என்றால் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அதில் கணினியைச் சேர்த்துப் பாருங்கள். சேர்ந்தால் கணினியின் வைஃபை கார்டு உயிரோடுதான் இருக்கிறது, கோளாறு அந்த ரவுட்டரோடு ஒத்துப்போவதில். ஹாட்ஸ்பாட்டிலும் சேரவில்லை என்றால் 6-வது படியைப் பாருங்கள்.

இன்னொன்று, சோதிக்கும்போது ரவுட்டருக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். பாஸ்வேர்டு போட்டதும் கணினியும் ரவுட்டரும் தமக்குள் நான்கு செய்திகள் பரிமாறிக்கொள்கின்றன. சிக்னல் மெலிந்த இடத்தில் அதில் ஒன்று தவறினாலும் இணைப்பு முறியும். அப்போது விண்டோஸ் சில நேரம் பாஸ்வேர்டு தவறு என்றே சொல்லிவிடும். பொள்ளாச்சி, கோபி பக்கம் தோட்டத்துச் சாளைகளில், அதாவது தோட்டத்து வீடுகளில், பழைய சுவர்கள் நல்ல கனம். ரவுட்டர் முன் திண்ணையில், கணினி உள்ளறையில் என்றால் இது அடிக்கடி நடக்கும்.

2. பாஸ்வேர்டைக் கண்ணால் பார்த்து அடியுங்கள்

தமிழ் கீபோர்டு நிறுவியிருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். தமிழ்99 விசைப்பலகை ஓடிக்கொண்டிருக்கும்போது பாஸ்வேர்டு பெட்டிக்குள் அடித்தால், புள்ளிகள் மட்டும்தான் தெரியும், உள்ளே என்ன விழுந்தது என்று தெரியாது. விண்டோஸ் விசையையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு, பெட்டியின் ஓரத்தில் உள்ள கண் படத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டே அடியுங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த பாஸ்வேர்டில் இரண்டு பொறிகள் உண்டு. அனுப்பியவரின் போன் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக மாற்றியிருக்கலாம். நகலெடுத்து ஒட்டும்போது கடைசியில் ஒரு வெற்றிடமும் ஒட்டிக்கொண்டு வரலாம். ஓ என்ற எழுத்தும் 0 என்ற எண்ணும், சின்ன எல், பெரிய ஐ, 1 ஆகிய மூன்றும் ஸ்டிக்கரில் ஒன்றுபோலவே தெரியும். வைஃபை பாஸ்வேர்டு 8 எழுத்துக்குக் குறையாது, 63-ஐத் தாண்டாது. யாராவது ஆறு எழுத்தில் சொன்னால் அது வேறு எதற்கோ உரியது.

சந்தேகம் இருந்தால் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் ஆண்ட்ராய்டு போனில் வைஃபை செட்டிங்ஸுக்குப் போய் அந்த நெட்வொர்க்கில் ‘ஷேர்’ அழுத்துங்கள். பெரும்பாலான போன்களில் க்யூஆர் படத்தின் கீழே பாஸ்வேர்டு எழுத்திலேயே இருக்கும். விடுதியில் பக்கத்து அறைக்காரரிடம் ‘அண்ணா, உங்க போன்ல ஷேர் அழுத்திக் காட்டுங்க’ என்று கேட்டால் போதும், யாரையும் நம்பி அடிக்க வேண்டியதில்லை.

3. பழைய பதிவை அழித்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள்

ரவுட்டரில் யாராவது பாஸ்வேர்டை மாற்றியிருந்தால் கணினி பழையதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ் என்று போய், அந்தப் பெயருக்கு எதிரே ‘ஃபர்கெட்’ அழுத்துங்கள். பிறகு கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் செய்து திறப்பது போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட்டவுன் என்பது பாதி உறக்கம்தான், வைஃபை கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரின் பழைய நிலை அப்படியே திரும்பி வரும்.

மாடிக்கோ பின்கட்டுக்கோ சிக்னலை நீட்டிக்கும் ரிப்பீட்டர் வைத்திருக்கும் வீடுகளில் ஒரு சிக்கல். ரவுட்டரில் பாஸ்வேர்டை மாற்றியவர் ரிப்பீட்டரில் மாற்ற மறந்திருப்பார். இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். அதனால் கீழே சேரும் லேப்டாப் மேலே போனால் தள்ளிவிடப்படும். ரிப்பீட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சோதியுங்கள், தெரிந்துவிடும்.

4. தேதி, நேரம்

வீட்டு வைஃபை பாஸ்வேர்டுக்குத் தேதி பற்றிக் கவலையில்லை. ஆனால் கல்லூரி, நிறுவன நெட்வொர்க்குகளும் ஓடிபி லாகின் பக்கங்களும் வரும்போது, எதிரே இருப்பது உண்மையான சர்வர்தானா என்று காட்டும் டிஜிட்டல் சான்றிதழைக் கணினி சரிபார்க்கும். கணினியின் தேதி பல வருடம் பின்னால் இருந்தால் அந்தச் சான்றிதழ் செல்லாது என்று கணினியே முடிவு செய்துவிடும். மின்சாரம் போய் வந்ததும் தேதி பழைய வருடத்துக்குத் தாவும் டெஸ்க்டாப் என்றால் மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர்2032 என்று கேளுங்கள், நூறு ரூபாய்க்குள் முடியும். நெட் இல்லாத கணினியால் நேரத்தைத் தானாக வாங்க முடியாது, அதனால் முதலில் கையால் சரியாக வையுங்கள்.

5. ரவுட்டர் புதிது, கணினி பழையது என்றால்

திருப்பூர் அலுவலகத்தில் வந்தது இதுதான். புது ரவுட்டர் வைத்த மறுநாள், டேலி ஓடும் பழைய டெஸ்க்டாப் மட்டும் சேர மறுத்தது. முதலாளி போன், மேனேஜர் லேப்டாப் எல்லாம் ஓடின. பாஸ்வேர்டு எழுத்துக்கு எழுத்து சரி. பில் போட வேண்டிய கணினி அது, பார்சல் வண்டி வாசலில் நிற்கிறது. வந்து பார்த்தவர் ‘சிஸ்டம் போச்சுங்க, புதுசு வாங்கிக்கங்க’ என்று சொல்லிவிட்டுப் போனார். கணினிக்கு ஒன்றுமில்லை. புது ரவுட்டர் டபிள்யூபிஏ3 என்ற பாதுகாப்பு முறையில் மட்டும் இயங்கும்படி வைக்கப்பட்டிருந்தது. டெஸ்க்டாப்பில் குத்தியிருந்த பழைய வைஃபை டாங்கிளுக்கு டபிள்யூபிஏ2 வரைதான் தெரியும். புதுக் கணினிக்குக் கொடுக்க இருந்த பணம் அந்த ஒரு செட்டிங்கில் மிச்சமானது.

டபிள்யூபிஏ2 வந்தது 2004-இல், டபிள்யூபிஏ3 அறிவிக்கப்பட்டது 2018-இல். விண்டோஸ் 10-இல் 1903 பதிப்பிலிருந்துதான் டபிள்யூபிஏ3 உண்டு, அதுவும் கார்டும் டிரைவரும் ஒத்துழைத்தால். கணினி சேராமல் போனால் முதலில் இந்தப் பொருத்தத்தைப் பாருங்கள்.

ஏற்கெனவே சேர்ந்திருக்கும் போனிலோ, ஈத்தர்நெட் கேபிள் போட்ட கணினியிலோ பிரவுசரைத் திறந்து ஸ்டிக்கரில் உள்ள முகவரியை அடியுங்கள். 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். இங்கே கேட்கும் பாஸ்வேர்டு வைஃபை பாஸ்வேர்டு அல்ல, ரவுட்டரின் நிர்வாக பாஸ்வேர்டு. உள்ளே போய் டபிள்யூலான் அல்லது வயர்லெஸ் பகுதியில் செக்யூரிட்டி என்ற இடத்தைப் பாருங்கள். ‘டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3’ என்ற கலப்பு முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அதிலும் சேரவில்லை என்றால் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மட்டும் வையுங்கள். பிஎம்எஃப் (கட்டுப்பாட்டுச் செய்திகளைப் பாதுகாக்கும் வசதி) என்று ஒரு வரி இருந்து ‘ரிக்வயர்டு’ என்று நின்றால் அதை ‘ஆப்ஷனல்’ ஆக்குங்கள், பழைய கார்டுகள் பல அங்கேதான் முட்டுகின்றன. வருகைப்பதிவு இயந்திரம், பழைய பிரிண்டர் இவற்றுக்கும் இதே மருந்து.

பழைய கணினிக்காக டபிள்யூஇபி என்ற மிகப் பழைய பாதுகாப்பு முறைக்கோ பாஸ்வேர்டே இல்லாத நிலைக்கோ மட்டும் இறங்காதீர்கள். டபிள்யூஇபி-யை உடைப்பது இன்று சில நிமிட வேலை. அதே நெட்வொர்க்கில்தான் உங்கள் வங்கிப் பரிமாற்றமும் கணக்குக் கோப்புகளும் ஓடுகின்றன.

கேபிள் டிவி ஆபரேட்டர் மூலம் ஃபைபர் இணைப்பு எடுத்திருந்தால் நிர்வாக பாஸ்வேர்டை அவர் பூட்டி வைத்திருக்கலாம். அவரிடம் ‘செக்யூரிட்டி மோடை டபிள்யூபிஏ2 ஏஇஎஸ்-க்கு மாத்திக் கொடுங்க’ என்று குறிப்பாகச் சொல்லுங்கள். ‘வைஃபை வரலை’ என்று சொன்னால் ஆள் வருவார், ரவுட்டரை அணைத்துப் போட்டுவிட்டுப் போவார்.

6. டிரைவரும் கார்டும்

விண்டோஸ் அப்டேட் ஆன மறுநாள் தொடங்கிய தொல்லை என்றால் டிரைவரைச் சந்தேகியுங்கள். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் கீழே வைஃபை கார்டின் பெயரில் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸ், டிரைவர், ‘ரோல் பேக் டிரைவர்’. அந்தப் பொத்தான் மங்கியிருந்தால் லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு டிரைவரை இறக்குங்கள். அதற்கு நெட் வேண்டுமே என்றால், போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி ‘யூஎஸ்பி டெதரிங்’ போட்டுக்கொள்ளலாம். டிரைவர் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் வேறு தளங்கள் பக்கம் போகவே வேண்டாம்.

கார்டே பழுது என்றால் யூஎஸ்பி டாங்கிள் போதும். சாதாரணமானது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். டபிள்யூபிஏ3-உம் 5 கிகாஹெர்ட்ஸும் தாங்குமா என்று கேட்டு, அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, பில்லோடு வாங்குங்கள். லேப்டாப் வாரண்டியில் இருந்தால் வெளியே பிரிக்கக் கொடுக்காதீர்கள்.

7. கல்லூரி, நிறுவன நெட்வொர்க்

இங்கே ரவுட்டருக்குப் பின்னால் ஒரு சர்வர் இருந்து ஆளைச் சரிபார்க்கிறது. 802.1 எக்ஸ் என்பார்கள். ஒரே ஐடியில் வேறு கல்வி நிறுவனங்களிலும் நுழைய உதவும் எடுரோம் என்ற வைஃபை வைத்திருக்கும் கல்வி நிறுவனங்களிலும் இதே முறைதான். இந்தியாவில் எடுரோமை நடத்துவது எர்நெட் என்ற கல்வி, ஆராய்ச்சி நெட்வொர்க் அமைப்பு.

யூசர் பெயரை முழுதாக, @ குறியும் அதன் பிறகு வரும் நிறுவன முகவரியும் சேர்த்து அடியுங்கள். கல்லூரி வளாகத்துக்குள் பாதிப் பெயரே வேலை செய்தாலும் வேறு ஊர்க் கல்லூரியில் எடுரோம் உங்களை அடையாளம் காணாது.

போர்ட்டலில் பாஸ்வேர்டை மாற்றிய உடனே லேப்டாப், போன், டேப்லெட் எல்லாவற்றிலும் பழைய பதிவை அழியுங்கள். பையில் கிடக்கும் ஒரு போன் பழைய பாஸ்வேர்டை அனுப்பிக்கொண்டே இருந்தால், பல இடங்களில் உங்கள் கணக்கே பூட்டிக்கொள்ளும். அப்புறம் லேப்டாப்பில் சரியான பாஸ்வேர்டு போட்டாலும் நுழைய முடியாது.

சில விடுதிகளில் கணினியின் மேக் முகவரியை (வைஃபை கார்டுக்கே உரிய அடையாள எண்) பதிவு செய்தால்தான் உள்ளே விடுவார்கள். தம்பிக்கு வந்த சிக்கல் இங்கேதான். பதிவு செய்தது ஒரு முகவரி, கணினி காட்டியது வேறொன்று. செட்டிங்ஸில் வைஃபை பக்கத்தில் ‘ராண்டம் ஹார்ட்வேர் அட்ரசஸ்’ என்று ஒன்று உண்டு, அது ஆனில் இருந்தால் கணினி தன் உண்மையான முகவரியை மறைத்துப் பொய் முகவரி காட்டும். அதை அணைத்துவிட்டு, ஹார்ட்வேர் ப்ராப்பர்டீஸில் ‘பிசிக்கல் அட்ரஸ்’ என்ற வரியில் உள்ள பன்னிரண்டு எழுத்தையும் படிவத்தில் எழுதுங்கள். ஆண்ட்ராய்டு 10-க்கு மேற்பட்ட போன்களிலும் இதே நிலைதான். ஆளுக்கு இத்தனை கருவி என்று வரம்பு வைத்திருந்தால் பழைய போனின் பதிவை நீக்கச் சொல்லுங்கள். அடையாள அட்டை நகல், படிவம், மேக் முகவரியின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் சேர்த்தே கொடுங்கள். கல்லூரி திறக்கும் வாரத்தில் கம்ப்யூட்டர் சென்டரில் வரிசை நீளும், முடிந்தால் அதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

நிறுவனத்தின் லேப்டாப்பில் விண்டோஸ் 11 என்டர்பிரைஸ் அல்லது எஜுகேஷன் இருந்தால் இன்னொன்று. 22எச்2 பதிப்பிலிருந்து அவற்றில் கிரெடென்ஷியல் கார்டு என்ற காவல் தானாக இயங்கக்கூடும். அது இயங்கினால், விண்டோஸில் நுழைந்த அதே பாஸ்வேர்டை எம்எஸ்சாப் (யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் சரிபார்க்கும் ஒரு முறை) முறை வைஃபைக்குத் தானாக அனுப்பாது. கையால் அடித்தால் சேரும். நிரந்தரமாகத் தீர்க்க வேண்டியவர் உங்கள் ஐடி ஆள்.

சான்றிதழைச் சரிபார்க்காதே என்று டிக்கை எடுத்துவிடச் சொல்லிப் பலர் ஆலோசனை தருவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பெயரிலேயே யாராவது ஒரு பொய் வைஃபை வைத்தால் உங்கள் கணினி அதை நம்பிப் பேசத் தொடங்கிவிடும், உங்கள் பாஸ்வேர்டைப் பிடிக்க அதுவே வழி. மதிப்பெண், சம்பளம், மின்னஞ்சல் எல்லாம் அந்த ஒரு பாஸ்வேர்டில்தான் இருக்கின்றன.

8. கணினி எழுதி வைத்திருக்கும் காரணத்தைப் படியுங்கள்

திரையில் வரும் செய்தி மொட்டையானது. உண்மைக் காரணம் ஈவென்ட் வியூவரில் இருக்கும். ஸ்டார்ட்டில் அதைத் தேடித் திறந்து, அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டபிள்யூலான் ஆட்டோகான்ஃபிக், ஆபரேஷனல் என்று போங்கள். 8002 என்றால் இணைப்பு தோற்றது. 11006 என்றால் பாதுகாப்புப் படியில் தோற்றது. 12013 என்றால் யூசர் ஐடி முறையில், அதாவது 802.1 எக்ஸில் தோற்றது. அந்த வரியின் கீழே காரணமும் இருக்கும். அதைப் போட்டோ எடுத்து ஐடி ஆளுக்கு அனுப்பினால் உங்கள் வேலை பாதி குறையும்.

9. ரீசெட் என்பது கடைசி

விண்டோஸில் நெட்வொர்க் ரீசெட் உண்டு. அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ் உள்ளே இருக்கும் (விண்டோஸ் 10-இல் ஸ்டேட்டஸ் பக்கத்தின் அடியில்). மேலே உள்ள எதுவும் கைகொடுக்கவில்லை என்றால் செய்யலாம். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் அத்தனையும் போய்விடும், விபிஎன் மென்பொருளை மறுபடி நிறுவ வேண்டி வரலாம். அலுவலகக் கணினி என்றால் கேட்காமல் தொடாதீர்கள்.

ரவுட்டரின் துளை ரீசெட் வேறு விஷயம். அது வைஃபை பாஸ்வேர்டை மட்டும் அழிப்பதில்லை. ஆபரேட்டர் உள்ளே போட்டுவைத்த பிபிபிஓஇ ஐடி, பாஸ்வேர்டு, விலான் எண் (ஆபரேட்டரின் இணைப்புக்கான அடையாள எண்) எல்லாம் துடைத்துப் போய்விடும். அந்த விவரம் உங்களிடம் இருக்காது. அதுவரை ஒரு கணினிக்குத்தான் நெட் இல்லை, அதன்பின் மொத்த வீட்டுக்கும் இருக்காது. சனிக்கிழமை மாலை செய்தால் திங்கள் வரை ஆள் வராமல் போகலாம், வந்தால் சர்வீஸ் சார்ஜும் கேட்கலாம். அணைத்து, அரை நிமிடம் விட்டு, மறுபடி போடுவது மட்டும் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்.

10. புகார் கொடுக்கும்போது

நீங்களே சோதித்ததைச் சொன்னால் ஒரே அழைப்பில் முடியும். இப்படிச் சொல்லுங்கள்: ‘அண்ணா, வைஃபை கனெக்ட் ஆகுதுங்க, புல் சிக்னல் காட்டுதுங்க. ஆனா ரவுட்டர்ல இன்டர்நெட் லைட் எரியலைங்க, பான் லைட் பச்சையா நிக்குதுங்க. பிபிபிஓஇ லாகின் ஆகலைன்னு நினைக்கிறனுங்க, உங்க பக்கம் கொஞ்சம் பாருங்க.’ ரீசார்ஜ் தேதி முடிந்திருந்தாலும் சில நிறுவனங்களில் இதே அறிகுறிதான், அதையும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆபரேட்டரிடம் வாயால் சொன்னதோடு விடாமல் நிறுவனத்தின் புகார் எண்ணிலோ செயலியிலோ பதிவு செய்து டாக்கெட் எண் வாங்குங்கள். அது இல்லாமல் மேலே போக முடியாது. தீர்வு திருப்தி இல்லை என்றால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012-ஆம் ஆண்டு விதிகளின்படி 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

ஆள் வீட்டுக்கு வருகிறார் என்றால் சார்ஜ் எவ்வளவு என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வந்து ரவுட்டரைச் சரிசெய்து கொடுத்ததும், அவர் கிளம்பும் முன் பிபிபிஓஇ ஐடி, பாஸ்வேர்டு, விலான் எண், நிர்வாக பாஸ்வேர்டு நான்கையும் கேட்டு எழுதி வாங்குங்கள். ‘எதுக்குங்க’ என்பார். அடுத்த முறை உங்களைக் கூப்பிடாமல் நாங்களே போட்டுக்கொள்வோம் என்று சொன்னால் பெரும்பாலும் தந்துவிடுவார்கள். அந்தத் தாளை ஸ்டிக்கர் போட்டோவோடு சேர்த்து இன்னொரு போட்டோவாக எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள்.